இரண்டு பேர் உட்காரும் படகு

பொன்னுச்சாமிக்குப் படகு ஆசை வந்ததற்கு நான் பொறுப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜாய்னரியில் பாதிப் பேர் இன்னும் என்னைத்தான் குறை சொல்கிறார்கள். "டிராயிங் சார்தான் பிளான் பிளான்னு காட்டி அந்தாளு மனசக் கெடுத்துட்டாரு" என்கிறார்கள். நான் காட்டியது பிளான் மட்டும்தான். மனம் அதற்கு ரொம்ப நாள் முன்பே கெட்டிருந்தது.

துபாய் அல்கூஸில் ஒரு மரவேலைத் தொழிற்சாலை எங்களுடையது. வில்லாக்களுக்குக் கதவு, அலமாரி, கிச்சன் கேபினெட் செய்கிறோம். பாலமுரளி ஆகிய நான் ஏசி அறையில் உட்கார்ந்து கணினியில் வரைவேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மரத்தூள் பறக்கும் ஹாலில், பொன்னுச்சாமி அதை மரமாக்குவார். அவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. காளையார்கோவில் பக்கத்து ஆள். இருபத்து மூன்று வருடமாக இதே கம்பெனி, இதே சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப், காலை ஐந்தரைக்கு இதே பஸ். என் வரைபடத்தில் தப்பு இருந்தால் கத்த மாட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுவார்.

"சார், இந்த டிராயருக்குள்ள கை போகணும்னா கையத்தான் இழைக்கணும். இழைச்சிரவா?"

இப்படிப்பட்ட மனிதரோடு எனக்கு ஒத்துப்போகும் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்கு அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குத்தான் வருவார். ஏசி ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் திருச்சிக்காரன், தமிழில் சண்டை போடத் தெரிந்தவன்.

படகு வந்தது உம்முல் குவைனிலிருந்து. அங்கே கடல் உள்ளே புகுந்து, அலையாத்திக் காட்டுக்கு நடுவே அசையாமல் கிடக்கும் ஒரு நீர்ப்பரப்பின் கரையில் ஒரு வில்லா. வீட்டுக்காரம்மா பெயர் உம்மு ஹானி. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிச்சன் மாற்ற எங்களைக் கூப்பிட்டார்கள். பொன்னுச்சாமி கேபினெட் மாட்டப் போனவர், கார் நிறுத்தும் கொட்டகையில் தலைக்கு மேல் தொங்கிய ஒரு மரப்படகைப் பார்த்துவிட்டார்.

கனூ என்று அதற்கு இங்கிலீஷில் பெயர். ஒல்லியான, இரண்டு பக்கமும் கூரான துடுப்புப் படகு. அந்த அம்மாவின் கணவர் தன் கையால் செய்ததாம். பலகையால் செய்வது இல்லை. விரல் அகலத்துக்கு மெல்லிய மரக்கீற்றுகளை நீளநீளமாக அறுத்து, படகின் குறுக்கு வடிவத்தில் நிறுத்திய அச்சுத் தட்டுகளின் மேல் வளைத்து, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி நார்த்துணி போட்டுப் பிசின் பூசினால் மரத்தின் ரேகை அப்படியே தெரியும். அந்தப் படகின் விலாவில் ஒரு கீற்று உடைந்திருந்தது. இவர் கேபினெட் வேலை முடிந்ததும் யாரும் கேட்காமலே அதைச் சரிசெய்தார். இரண்டு நாள் கூடுதல் ஆனதற்கு அஹ்சனிடம் திட்டு வாங்கினார். அஹ்சன் எங்கள் புரொடக்ஷன் மேனேஜர், லாகூர்க்காரர். நேரத்தைத் தவிர வேறு எதையும் அளக்காத மனிதர்.

சரி செய்த படகை ஓட்டிப் பார்த்தால்தானே ஒழுகுகிறதா என்று தெரியும். "யல்லா, ஏறு" என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார். பொன்னுச்சாமி வாழ்க்கையில் முதல் தடவையாகப் படகில் ஏறினார். பின்சீட்டில் உட்கார்ந்து துடுப்பைப் போட்டதும், படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு காற்றுக்குச் சுற்றச் சுற்ற வந்ததாம்.

"முன்னால ஆள் இல்லேன்னா அப்பிடித்தான் சார் செய்யும். அந்தம்மா கரையில நின்னு சிரிக்குது. அப்பறம் ரெண்டு தண்ணிக் கேனக் கொண்டாந்து முன்சீட்டுல வச்சுக் கட்டச் சொல்லிச்சு. கட்டுனேன். படகு சொன்ன பேச்சுக் கேட்டுச்சு. திரும்பி வந்து, மேடம் நீங்க ஏறுங்கன்னேன். மாட்டேனுருச்சு. பின்னால உக்கார்ற ஆள் போயிட்டாரு, நான் எதுக்குன்னு கேக்குது."

இதைச் சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பிறகு கேட்டார்.

"இந்தப் படகுக்குப் பிளான் கெடைக்குமா சார்?"

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அவர் ஊரில் குடிக்கவே லாரித் தண்ணீர். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார்.

நாலு வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவர் மனைவி நாகவள்ளி எடுத்து அனுப்பியது. கண்மாய்க்கரையில் நின்று எடுத்திருக்கிறார். கண் போகிற தூரமெல்லாம் தண்ணீர். நடுவில் நாலைந்து நாவல் மரங்களோடு ஒரு திட்டு, தீவாகி நிற்கிறது. காற்றுச் சத்தத்துக்கு மேல் நாகவள்ளியின் குரல் கேட்டது. "பாத்தீகளா? மறுகால் பாயுது. ஒரு படகு இருந்தா நம்ம ரெண்டு பேரும் அந்தத் திட்டுக்குப் போயிட்டு வரலாம். சுத்தித் தண்ணி கெடக்க, நடுவுல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கலாம்."

அவ்வளவுதான் வீடியோ. இருபது விநாடி இருக்கும். அதை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. அதுவும் ஜூன், ஜூலையில்தான். வெயில் உச்சத்தில் ஆர்டர் குறைவு, வில்லாக்காரர்கள் எல்லாரும் ஐரோப்பாவுக்கு ஓடிவிடுவார்கள். குளிர்காலம்தான் சம்பாத்தியக் காலம், அப்போது ஒரு ஆளையும் விட மாட்டார்கள். ஊரில் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். தை முடிந்து விவசாயத்துக்குத் திறந்தால் மாசியில் தரை தெரியும். ஆனியில் இவர் போய் இறங்கும்போது மண் வெடித்துக் கிடக்கும், மாடு மேயும். கல்யாணமே முதல் லீவில்தான். பதினோரு லீவு போய் வந்த மனிதர், தன் மனைவியோடு நின்று அந்தக் கண்மாயை நிறைந்த நிலையில் ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது. ஒவ்வொரு வருடமும் நாகவள்ளி தனியாகப் பார்த்துவிட்டுப் போனில் சொல்வார், இவர் கேம்ப் மொட்டைமாடியில் நின்று கேட்பார்.

இதைக் கேட்ட பிறகும் சிரிக்க நான் என்ன கல்லா? பிளான் தேடினேன்.

தேடினால் கடல் மாதிரி கொட்டுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தளத்தில் மூன்று பிளான்கள் பொருத்தமாகத் தெரிந்தன. ஒன்று பன்னிரண்டடி, தனியாள் படகு. இரண்டாவது பதினாறடி, இருவர் படகு. மூன்றாவது பதினெட்டடி, நடுவில் ஒரு பிள்ளையும் சாமானும் வைத்துக்கொள்ளலாம். முழு அளவில் தாளாக அச்சடித்தால் ஒவ்வொரு அச்சுத் தட்டின் வடிவமும் அப்படியே கிடைக்கும். பொன்னுச்சாமியின் திட்டம் இது. மிச்சம் விழும் பலகைத் துண்டுகளில் தட்டுகளை இங்கேயே மெஷினில் அறுத்து, துணிமணிகளோடு கார்கோ பெட்டியில் ஊருக்கு அனுப்பிவிடுவது. படகை அங்கே போய்ச் செய்வது. மலைவேம்பு லேசான மரம், அதில் கீற்று எடுத்துக்கொள்வாராம்.

"எப்போ போய்ச் செய்வீங்க?"

"அடுத்த லீவுக்கு."

"அடுத்த லீவு ஜூன் மாசம்ணே. செஞ்சு எங்க ஓட்டுவீங்க? ரோட்டுலயா?"

"அது அப்பறம் பாத்துக்கலாம் சார். மொதல்ல பிளான எடுப்போம்."

பிளான் எடுப்பது என்று அவர் சொன்னது ஒரு மாதம் ஓடியது. தினமும் மதியம் மூன்று படத்தையும் திரையில் போடச் சொல்வார். எந்தப் படகின் அடி தட்டை, எது நேராக ஓடும், எது திரும்பும் என்று இங்கிலீஷில் போட்டிருந்ததை எல்லாம் நான் தமிழ்ப்படுத்த வேண்டும். "கண்மாயில அலை இல்ல, சுழி இல்ல. அடி தட்டையா இருந்தா அவ பயப்பட மாட்டா" என்பார். மறுநாள் வந்து, "இல்ல சார், கார்த்திகைக் காத்துக்குத் தட்டை ஆவாது" என்பார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் போடுவதற்கு ஆறே இல்லாமல் அளந்துகொண்டிருந்தார்.

எனக்குத் தெளிவாகத் தோன்றியது தனியாள் படகுதான். அதைச் சொல்லவும் சொன்னேன். பன்னிரண்டடி, இருபது கிலோகூட வராது. ஒரே ஆள் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகலாம். முதல் தடவை செய்கிறவர்கள் சிறியதில் தொடங்குங்கள் என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருக்கிறது. பக்கம் பக்கமாக நியாயம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தனியா இருக்கத்தான் இங்க இருக்கேனே சார்" என்றார். "அதுக்கு ஊர் வரைக்கும் போகணுமா?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் மனைவி ஸ்வாதி என்னோடு குசைஸில் ஒரே வீட்டில் இருக்கிறாள். சாயங்காலம் போனால் கதவைத் திறக்கிறாள். ஏன் லேட் என்று சண்டை போடுகிறாள். அதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிக்க எனக்கு ஒரு தச்சர் தேவைப்பட்டது.

பொன்னுச்சாமி மனதில் இருந்தது பதினெட்டடி. மகள் சங்கீதாவும் வருவாளாம். பிளானை வாங்குமுன் அந்தத் தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எத்தனை பேர், ஒவ்வொருவரின் எடை என்ன, யார் முன்னால், யார் பின்னால், தண்ணீர் எப்படிப்பட்டது என்று கேட்டிருந்தார்கள். எடையைப் பொறுத்து சீட்டை முன்னே பின்னே தள்ளிப் போட்டுப் பிளான் அனுப்புவார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இதை நிரப்புவதற்காக அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, ஒரு பை ஆப்பிளோடு வந்தார். ஸ்வாதி வத்தக்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம்.

"பின்சீட்டு நான். எழுபத்தி நாலு கிலோ" என்றார். "முன்சீட்டு அவ. அறுவத்தி ரெண்டு. நடுவுல சங்கீதா, முப்பத்தோரு கிலோ."

நான் தட்டிக்கொண்டே வந்தவன் நின்றேன்.

"சங்கீதா காலேஜ்ல படிக்கிறான்னு சொன்னீங்க?"

"ஆமா சார். ரெண்டாவது வருசம். மதுரையில ஹாஸ்டல்."

"காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற பொண்ணு முப்பத்தோரு கிலோவா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"எப்ப எடுத்த எடைண்ணே இது?"

"கார்ட்டன் எடை போடுறதுக்கு ஒரு மெஷின் வாங்கிட்டுப் போனேன்ல. அப்ப எல்லாரும் ஏறி நின்னாங்க."

"அது எந்த லீவு?"

"கொரோனாவுக்கு முந்துன லீவு."

ஏழு வருடம். வளைகுடாவில் இருக்கும் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. கேம்பில் போய்ப் பாருங்கள். லீவுக்கு ஒரு மாதம் முன்னால் தேரா கடைத்தெருவில் ஷூ வாங்குவார்கள், கவுன் வாங்குவார்கள். அளவு கேட்டால் கையை இடுப்புப் பக்கம் வைத்து, இவ்வளவு உயரம் என்பார்கள். போய் இறங்கினால் பிள்ளை தோளுக்கு வந்திருக்கும். ஷூ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகும். அடுத்த லீவில் அதே தப்பை மறுபடியும் செய்வார்கள். பொன்னுச்சாமி நடுவே மகளை வந்து பார்த்தவர்தான், வளர்ந்தவளாகவே பார்த்தவர்தான். இருந்தாலும் படகில் ஏற்றும்போது அவர் ஏற்றியது அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சங்கீதாவுக்கு அங்கேயே ஒரு குரல் செய்தி அனுப்பினார். பதில் உடனே வந்தது. "ஐம்பத்தாறு. ஏம்ப்பா? படகா? நான் வரலப்பா, எனக்குத் தண்ணின்னா பயம். நீங்களும் அம்மாவும் போங்க." பதினெட்டடிப் படகு அத்தோடு போயிற்று. அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. "அவ சொல்றதும் சரிதான்" என்றார்.

பிறகு நாகவள்ளிக்குக் கூப்பிட்டார். எடையை நான் கேட்டு எழுத வசதியாக ஸ்பீக்கரில் போட்டார். நான் அங்கே இருப்பதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"ஏ நாகு, இப்ப ஒன் எடை என்னா?"

"எதுக்கு? சந்தைக்கு ஓட்டிட்டுப் போகவா?"

"வெளையாடாதடி. படகுக்கு."

"என்ன படகு?" என்றார் நாகவள்ளி.

பொன்னுச்சாமி சொன்னார். உம்மு ஹானி வீட்டில் தொடங்கி, மரக்கீற்று, அச்சுத் தட்டு, பதினாறடி, முன்சீட்டு எல்லாம் சொன்னார். திட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசலாம் என்று நீதானே சொன்னாய் என்றும் சொன்னார். இதுவரை மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்திருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். ஒரு சின்னப் பையன் பரிசுக் கோப்பையைக் காட்டுகிற குரலில் பேசினார்.

"தண்ணி கெடக்குறது கார்த்திகையில" என்றார் நாகவள்ளி நிதானமாக. "நீங்க வாறது ஆனியில. படகச் செஞ்சு கவுத்துப் போட்டு, வெயிலுக்கு அதுக்கு அடியில உக்காந்துக்கிறதா?"

"அது பாத்துக்கலாம். நீ எடையச் சொல்லு. எழுதணும்."

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்க கொண்டாந்த மெஷின் அப்பவே கெட்டுப் போச்சு."

"சும்மா ஒரு கணக்காச் சொல்லு. அறுவது இருப்பியா?"

"போன்ல எதுக்குக் கேக்குறீங்க? வந்து தூக்கிப் பாருங்க."

வைத்துவிட்டார்.

சமையலறையில் ஸ்வாதி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். நான் லேப்டாப்பில் ஏதோ முக்கியமாகத் தேடுகிற மாதிரி விரலை ஓட்டினேன். பொன்னுச்சாமி காது வரை சிவந்து, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது வெட்கம்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவர் கைக்குட்டையை எடுத்தார். ஐம்பது வயது ஆள் என் வீட்டு சோபாவில் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல், "டீ குடிக்கிறீங்களாண்ணே?" என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் அஹ்சன் அறையில் நின்றார். நவம்பரில் இரண்டு மாதம் லீவு வேண்டும் என்றார். போன வருடம்தானே போனாய் என்றார் அஹ்சன். சம்பளம் இல்லாமல் போகிறேன் என்றார் இவர்.

"நவம்பர் மே? மாஃபி. ஹேண்ட்ஓவர் ஹே பாய். ஜூன் மே ஜாவ், அச்சா?" வில்லாக்களை ஒப்படைக்கிற நேரம், நவம்பரில் கிடையாது, ஜூனில் போ என்று அர்த்தம்.

"அப்ப கலாஸ் சாப்" என்றிருக்கிறார் பொன்னுச்சாமி. "கணக்க முடிச்சு ஃபைனல் போட்டுருங்க."

இருபத்து மூன்று வருடத்தில் அவர் அஹ்சனிடம் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அதுதான். அஹ்சன் என்னைக் கூப்பிட்டு, "இவனுக்கு என்ன ஆச்சு? நீ பேசு" என்றார். நான் பேசினேன். உண்மையில் கத்தினேன். மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, படகுக்காக யாராவது வேலையை விடுவார்களா, ஊரில் சிரிப்பார்கள் என்று எல்லாம் சொன்னேன்.

"படகுக்கு இல்ல சார்" என்றார்.

இருவர் படகின் பிளானை என் கார்டில் வாங்கினேன். நாகவள்ளியின் எடைக்கு நேரே அறுபது என்று நானே போட்டேன். முழு அளவில் பெரிய பிரிண்டரில் அச்சடித்தோம். நோட்டீஸ் காலம் ஒரு மாதம் இருந்தது. வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம், அந்த மாதத்தில் அவர் தட்டுகளை அறுத்தார். பதினைந்து தட்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்து எண் போட்டுக் கட்டினார். அஹ்சன் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். கடைசி நாளில் நல்ல ஒரு இழைப்புளியைக் கொண்டுவந்து கார்கோ பெட்டியில் வைத்தவரும் அவர்தான்.

நவம்பர் முதல் வாரத்தில் பொன்னுச்சாமி போய்ச் சேர்ந்தார். பிறகு ஒரு மாதம் பேச்சில்லை. புது வேலை, புது டிராயிங் என்று எனக்கும் ஓடிவிட்டது. ஆனாலும் போனில் ஊர் வானிலையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சென்னைக்கு மழை, கடலூருக்கு மழை. சிவகங்கைக்கு மேகமூட்டம் என்று போட்டார்கள், மறுநாளும் அதையே போட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவரே கூப்பிட்டார். அதே சாப்பாட்டு நேரம். நான் டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன்.

"எப்பிடிண்ணே இருக்கீங்க? படகு எந்த மட்டுல இருக்கு?"

"பாதி ஒட்டியிருக்கேன் சார். தட்டெல்லாம் சரியா ஒக்காந்துருச்சு. இவ அதுல துணி காயப் போடுறா."

"மழை?"

"இல்ல சார். கண்மாய்ல காலு நனையத் தண்ணி இல்ல. இந்த வருசம் ஏமாத்திருச்சு."

ஆறுதல் சொல்ல வாயெடுத்தால் நான் அன்று கத்தியதுதான் முன்னால் வந்து நின்றது. அவரே தொடர்ந்தார்.

"நேத்து காலையில எந்திரிச்சு, வாங்க போவோம்னா. எங்கடின்னேன். திட்டுக்குன்னா. தண்ணி இல்லாம எப்பிடிடின்னேன். நடந்துதான்னா. செருப்பப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் போனோம் சார். நாவ மரத்தடியில உக்காந்தோம். வெயிலு ஏறுற வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தோம்."

"நல்லதுதானேண்ணே" என்றேன். "படகு அடுத்த வருஷத்துக்கு ஆகும்."

"ஆகும், ஆகும்." மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "கரையிலருந்து கால்மணி நேரந்தான் சார் நடை. அதுகூட இல்ல. நான் பதினோரு லீவு வந்துருக்கேன். எல்லாம் ஆனி மாசம். இதே மாதிரி காஞ்சுதான் கெடந்துருக்கு. ஒரு நா காலையில அவளக் கூட்டிக்கிட்டு நடந்து போயிருக்கலாம். போயிருக்கலாம்ல சார்?"

நான் டப்பாவை மூடினேன்.

"தோணவே இல்ல சார்" என்றார்.